பாயில் மாமியும் இல்லை, மருமகனும் இல்லை

இடது காலை முன்னுக்கு வைக்க வேண்டும் என்பதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், டிலக்சன் மாஸ்டர் ஐந்து நிமிடமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

வரிசையில் முப்பத்தொரு பேர். முப்பது பேருடைய இடது கால் முன்னுக்கு இருந்தது. மூன்றாம் வரிசையில், மகளின் பழைய கராத்தே உடுப்பைப் போட்டு, மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொண்டு நின்ற கண்ணகை ரீச்சரின் வலது கால் மட்டும் முன்னுக்கு இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மாஸ்டர் போய்க் காலைத் தட்டி மாற்றியிருப்பார். இவர் பெண்சாதியைப் பெற்ற தாய். போதாக்குறைக்கு, ஒன்பதாம் வகுப்பில் டிலக்சனுக்குக் கணிதம் படிப்பித்தவரும் இவர்தான்.

கலியாணம் முடித்து ஒன்பது வருடம். இருப்பது மாமி சீதனமாகக் கொடுத்த வீடு, ஒரே வளவு, ஒரே கிணறு. ஆனாலும் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசியது கிடையாது. களுவாஞ்சிக்குடியில் அதற்குப் பெயர் மரியாதை. மாமி முன்வாசலால் வந்தால் மருமகன் பின்வாசலால் போவார். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். மூன்று முழத் தூரத்தில் நின்றுகொண்டு, "தக்ஷா, கிணத்து மோட்டர் ஓடுதெண்டு அம்மாட்டச் சொல்லு" என்பார் டிலக்சன். "நிப்பாட்டச் சொல்லு மகள்" என்பார் மாமி. தக்ஷாயினி இரண்டையும் யாருக்கும் சொல்லாமல் தானே போய் மோட்டரை நிறுத்துவாள்.

இப்படிப்பட்ட மாமி, போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பேத்தி மேனுகாவோடு வந்து கராத்தேப் பாயில் ஏறி நின்றுவிட்டார். ஏன் என்று டிலக்சனால் கேட்க முடியவில்லை. கேட்டால் பேசியதாகிவிடுமே!

"எல்லாரும்... மற்றக் காலை முன்னுக்கு வைங்க!" என்றார் மாஸ்டர், பொதுவாக, கூரையைப் பார்த்து.

எல்லாரும் மாற்றினார்கள். மாமியும் மாற்றினார். இப்போது மாமி மட்டும் சரி. மற்ற முப்பது பேரும் பிழை.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் தக்ஷாயினியைப் பிடித்துக்கொண்டார். அவளும் கறுப்புப் பட்டிதான், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அவள்தான் மாஸ்டர்.

"தக்ஷா, உன்ட அம்மாவை வீட்ட இருக்கச் சொல்லு. கடைசிச் சனிக்கிழமை மஜீட் மாஸ்டர் வாறார். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் இருக்குமா? ஓட்டமாவடி மஜீட் மாஸ்டர்தான் சங்கத்தின் தலைவர். அவர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால், இனி இங்கேயே பட்டிச் சோதனை வைத்துப் பட்டி கொடுக்கும் உரிமை கிடைக்கும். இவ்வளவு காலமும் ஒவ்வொரு சோதனைக்கும் பிள்ளைகளையும் தாய் தகப்பன்மாரையும் வான் வண்டியில் அடைத்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் வாந்தி எடுக்காத பிள்ளை கிடையாது. இனி வானில் ஏறமாட்டோம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். உரிமை கிடைக்காவிட்டால் ஏழு வருடமாகக் கட்டி வளர்த்த பள்ளி கலைந்துபோகும்.

"நான் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்றாள் தக்ஷாயினி. "ஒன்பது வருசமா நடுவில நிண்டு எனக்கு அலுத்துப் போச்சு. நீங்களே சொல்லுங்க. அந்தப் பலகையை எழுதினது ஆரு?"

பலகையை எழுதியது டிலக்சன்தான். வாசலில், சிவப்புப் பெயின்ரில், 'குடும்பக் கராத்தேப் பள்ளி' என்ற தலைப்பின் கீழ் இரண்டு சட்டங்கள். பிள்ளை தனியே வரக் கூடாது, வீட்டிலிருந்து ஒரு பெரிய ஆளும் வந்து கூடப் பழக வேண்டும், இல்லாவிட்டால் பேர் வெட்டப்படும் என்பது முதலாவது. பாயில் கால் வைத்தால் மாமியும் இல்லை, மருமகனும் இல்லை, எல்லாரும் மாஸ்டரும் மாணவரும்தான் என்பது இரண்டாவது.

சட்டத்தில் டிலக்சன் பொல்லாதவர். கிராம சேவகரின் பிள்ளைகள் இரண்டு பேரின் பேரையே வெட்டியவர். எட்டு வயது மேனுகா ஒருநாள் வாய் தவறி "அப்பா" என்று கூப்பிட்டதற்கு இருபது தண்டால் எடுக்க வைத்து, "இஞ்ச உனக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல, மாஸ்டர்மார்தான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவர். பெற்றோர் அசந்துபோனார்கள்.

"அது வேற, இது வேற" என்றார் டிலக்சன்.

"என்ன வேற?"

"மாமி என்னத்துக்கு வாறா எண்டு எனக்குத் தெரியும். பென்சன் எடுத்து நாலு மாசம். கணக்கு ரீச்சர். இது அவட மண்டபம். இதைத் திரும்ப எடுத்து ரியூஷன் நடத்தப்போறா. அதுக்குத்தான் பிழை பிடிக்க வந்து நிக்கிறா."

தக்ஷாயினி தலையில் கை வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டிலக்சன் மாமியைக் கதிர்காமத்தம்பியிடம் ஒப்படைத்தார். கதிர்காமத்தம்பி துணை மாஸ்டர், மண்ணிறப் பட்டி. மற்ற நாட்களில் வாவித் தோணிகளுக்கு எஞ்சின் திருத்துகிறவர். கண்ணகை ரீச்சருக்குத் தாய்மாமன் மகன். பேச்சுக்குத் தடை இல்லாத முறை. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று டிலக்சன் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

"மச்சாள், முட்டியை இறுக்குங்க. இது ரொட்டிக்கு மா குழைக்கிற கை."

"கையை விடு நீ. போன மாரியில கொண்டுபோன என்ட தண்ணிப் பம்பு எங்க?"

"அது இன்னும் பார்க்கல்ல மச்சாள்."

"பம்பைத் திருத்தத் தெரியாதவன் என்ட முட்டியைத் திருத்த வந்திட்டான்!"

முன்வரிசையில் ஒரு தாய் குத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "எங்கட எஞ்சினும் இவரிட்டத்தான் ரீச்சர் கிடக்கு. தைப்பொங்கலுக்கு முந்திக் குடுத்தது."

"எங்கடதும்" என்றார் பின்வரிசையில் ஒரு தகப்பன்.

ஐந்து நிமிடத்தில் ஏழு குடும்பங்கள் கதிர்காமத்தம்பியைச் சூழ்ந்துகொண்டன. அவர் ஏழு வருடமாகப் படித்த தடுப்புகள் ஒன்றும் உதவவில்லை. பின்கதவால் போனவர் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

மூன்றாம் வரிசையில் நின்றால்தானே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? டிலக்சன் மாமியை முன்வரிசைக்கு மாற்றினார். அதாவது, மேனுகாவிடம் சொல்லி மாற்றுவித்தார். அது இன்னும் பெரிய கரைச்சலாகப் போயிற்று. கராத்தேயில் பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் நிற்பவரைப் பார்த்துத்தான் செய்வார்கள். அதிலும் இந்த வகுப்பில் இருந்த தாய் தகப்பன்மாரில் முக்கால்வாசிப் பேர் கண்ணகை ரீச்சரிடம் படித்தவர்கள். மாஸ்டர் செய்வதும் ரீச்சர் செய்வதும் வேறுவேறாக இருந்தால் எதைச் செய்வது என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ரீச்சர் இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினார். முப்பது பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள். டிலக்சன் தனியாக, மறுபக்கம் தெரிந்த வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் ஜப்பான் மொழியில் "இச்சி, நி, சன்" என்று எண்ண, ரீச்சர் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணினார். வகுப்பும் "ஒண்டு, ரெண்டு" என்றது. பத்து முடிந்ததும் ரீச்சர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து, "குத்து ஒம்பதுதான் வந்தது. எட்டைக் காணல்ல" என்றார். மாமியும் மருமகனிடம் நேரே பேசமாட்டார் அல்லவா? கலண்டரிடம் சொன்னார்.

டிலக்சனுக்குத் தன் தலைமயிரைத் தானே பிடுங்க வேண்டும் போலிருந்தது. பதினைந்து வருடமாக எண்ணுகிற எட்டு. மாமி நிற்கிறார் என்ற பதற்றத்தில் அது எங்கே போய்த் தொலைந்ததோ!

கடைசியாக ஒரு தந்திரம் செய்தார். சோதனைக்கு விண்ணப்பம் கொடுத்தவர்கள் மட்டும்தான் மஜீட் மாஸ்டர் வரும் நாளில் பாயில் நிற்கலாம் என்று அறிவித்தார். ஐம்பத்தெட்டு வயதில் எந்த மாமி பட்டிச் சோதனைக்கு வருவார்?

திங்கட்கிழமை காலையே மேனுகா ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. பெயர், கண்ணகை. வயது, ஐம்பத்தெட்டு. கராத்தே பழகுவதற்கான காரணம் என்ற இடத்தில், 'வேறு வழி இல்லை' என்று எழுதியிருந்தது.

டிலக்சன் அந்த மூன்று சொல்லையும் பத்துத் தரம் வாசித்தார்.

"பார்த்தியா?" என்று தக்ஷாயினியிடம் காட்டினார். "வேற வழி இல்லையாம். மண்டபத்தை எடுக்காமல் விடமாட்டாவாம்."

"ஐயோ, கேட்டுத்தான் பாருங்களன்!"

"நான் எப்பிடிக் கேக்கிறது?"

கடைசிச் சனிக்கிழமை மஜீட் மாஸ்டர் வந்தார். எழுபது வயது, மெலிந்த உடம்பு. கறுப்புப் பட்டி நைந்து வெள்ளையாகியிருந்தது. பிள்ளைகளைப் பார்த்தார், பெற்றோரைப் பார்த்தார். எல்லாரும் நன்றாகத்தான் செய்தார்கள். ரீச்சர் வலப்பக்கம் திரும்பிய இடத்தில் எல்லாரும் சேர்ந்து வலப்பக்கம் திரும்பியதால், அதுதான் முறை என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். டிலக்சனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"இந்த ரீச்சரம்மாதான் வயசில மூத்தவ போல" என்றார் மஜீட் மாஸ்டர். "இவவோட ஒரு தோதான ஆள் நிக்கட்டும். அஞ்சு குத்து, அஞ்சு தடுப்பு. மனே டிலக்சன், நீங்களே நில்லுங்க."

ஊரே அறிந்த மாமி, ஊரே அறிந்த மருமகன்.

"கதிர்காமத்தம்பி மாஸ்டர் நிண்டா..." என்று இழுத்தார் டிலக்சன்.

"அவர் எங்க?"

கதிர்காமத்தம்பி ஏழு எஞ்சின் குடும்பங்களையும் கண்டு மறுபடியும் பின்கதவால் போயிருந்தார்.

டிலக்சன் மாமியின் முன்னால் போய் நின்றார். தலையைக் குனிந்து, மாமியின் கால் பெருவிரலைப் பார்த்தபடி முதலாவது குத்தைக் குத்தினார். அது மாமிக்கு ஒரு முழம் இந்தப் பக்கத்தில் நின்றது. மாமி தடுப்பதற்கு ஒன்றும் வரவில்லை.

"இன்னும் கிட்ட" என்றார் மஜீட் மாஸ்டர்.

இரண்டாவது குத்து முக்கால் முழம் இந்தப் பக்கத்தில் நின்றது.

"என்ன மனே இது, கொசு விரட்டுறீங்களா? முகத்துக்கு நேர!"

வியர்வை கண்ணுக்குள் வடிந்தது. ஏழு வருடப் பள்ளி, வான், வாந்தி எல்லாம் மனதில் வந்து போயின. டிலக்சன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நடக்கிறது நடக்கட்டும் என்று ஓரடி முன்னுக்கு வைத்து ஓங்கிக் குத்தினார்.

மாமியின் இடது கை அந்தக் குத்தைத் தட்டி விலக்கியது. அதுவரை எல்லாம் சரி. ஆனால் மாமியின் வலது கை, முப்பத்து மூன்று வருட வகுப்பறைப் பழக்கத்தில், தானாகவே அது வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போனது. டிலக்சனின் இடது காதைப் பிடித்துத் திருகியது.

"டிலக்சன்! கண்ணைத் திறந்து பார்த்துச் செய்!"

"ஓம் ரீச்சர்!" என்று அலறினார் டிலக்சன்.

ஒன்பது வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசிய முதலாவது பேச்சு அது. தக்ஷாயினி கையிலிருந்த பெயர்ப் பட்டியலைக் கீழே போட்டாள். காதை விட்ட பிறகுதான் ரீச்சருக்கும் என்ன செய்தோம் என்பது விளங்கியது. முகம் சிவந்து கலண்டரைப் பார்த்தார். கலண்டராலும் உதவ முடியவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் டிலக்சன்.

மஜீட் மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். பிறகு வாசல் பலகையைக் காட்டினார். "பாயில மாமியும் இல்ல, மருமகனும் இல்ல எண்டு ஆரும் எழுதலாம். ஊருக்கு முன்னால செஞ்சு காட்டினது நீங்க ரெண்டு பேரும்தான். மாஷா அல்லாஹ்! பட்டி குடுக்கிற உரிமை இண்டையில இருந்து உங்களுக்கு. முதலாவது பட்டியை இந்த ரீச்சரம்மாவுக்கே கட்டுங்க."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. டிலக்சனுக்கு அழுகை வந்தது, காதும் நொந்தது. மஞ்சள் பட்டியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் மாமியிடம் நீட்டினார். நேரே பேச இன்னும் நாக்கு எழவில்லை. பக்கத்தில் நின்ற மேனுகாவைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்.

"மேனுகா, அம்மம்மாட்டச் சொல்லு. மெத்தப் பெரிய உபகாரம். மண்டபம் வேணுமெண்டாலும் கிழமை நாளில எடுத்து ரியூஷன் நடத்தலாம். பட்டியும் எடுத்திட்டா, இனிச் சனிக்கிழமையில வந்து கஷ்டப்படத் தேவையில்ல. வீட்டில ஆறுதலா இருக்கட்டும்."

ரியூஷன் என்றதும் ரீச்சர் ஒன்றும் புரியாமல் விழித்தார். வீட்டில் இருக்கலாம் என்றதும், இவ்வளவு நாளில் டிலக்சன் ஒருநாளும் கண்டிராத ஒரு மலர்ச்சி அவர் முகத்தில் வந்தது. "அப்பாடா, இந்த முழங்காலோட இனி ஏலாது மகள்" என்று கலண்டரிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

மேனுகா மட்டும் அசையவில்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, மாஸ்டருக்கு முறைப்படி குனிந்து வணங்கினாள்.

"அப்ப என்ட பேரை வெட்டிருவீங்களா, மாஸ்டர்? இஞ்ச எனக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல எண்டீங்க. வீட்டில இருந்து கூட வர அம்மம்மாவை விட்டா வேற ஒருத்தரும் இல்லையே!"