நான்காவது மாடிக்கு வராத விண்கப்பல்

"லிஃப்டைச் சரி பண்ணுங்கன்னு சொன்னா..."

"முதல்ல அதை லிஃப்ட்னு சொல்றதை நிறுத்து. எத்தனை தடவை..."

"பின்னே என்னன்னு சொல்ல? கம்பிக்கதவு இருக்கு, மேல இரும்புக் கயிறு இருக்கு, நாலு பேர்தான் ஏறலாம்னு எழுதியிருக்கு..."

"எழுதியிருந்துச்சு. அதை அழிச்சு பெயின்ட் அடிச்சாச்சு. இப்ப அது கட்டளை அறை!"

"சரி, அந்தக் கட்டளை அறையில ஏறி நான் கீழ போக முடியுமா?"

"கட்டளை அறை எப்படிம்மா போகும்? கப்பல்தான் போகும்."

"கப்பல் போகுதா?"

கேப்டன் சற்று யோசித்தார். "மனசால போகுது" என்றார் மனைவியிடம்.

மனித குலம் படைத்தவற்றுள் அழிவில்லாதது எது என்று கேட்டால் கோட்டைகளையும் காவியங்களையும் காட்டுகிறவர்கள் விவரம் போதாதவர்கள். கோட்டை இடிகிறது. காவியத்தைக் கரையான் அரிக்கிறது. அட்டையில் செய்து வெள்ளிக் காகிதம் ஒட்டி, யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் சுவரே ஆடுகிற 'அந்தரக் கப்பல்' தொலைக்காட்சித் தொடர் மட்டும் அரை நூற்றாண்டாக ஆடாமல் நிற்கிறது. அதில் மூவாயிரமாவது ஆண்டின் தொலைபேசிக்குச் சுருள் ஒயர் உண்டு. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே பாறைதான் எதிரே நிற்கும். புயலில் மரம் சாயும், மலை சாயும், கப்பல் தலைவரின் தலைமுடி சாயாது. இத்தனை சிறப்பும் ஒருங்கே அமைந்த படைப்பு பூமியில் வேறு இல்லை.

கேப்டன் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். 'கேப்டன்' பட்டத்தைக் கொடுத்தது தொடரின் ரசிகர் மன்றம். அதற்கு அவர் தலைவர், அந்த அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கும் அவரே தலைவர். இரண்டாம் மாடிப் பல் டாக்டர் இரண்டுக்கும் செயலாளர். மூன்றாம் மாடி இன்சூரன்ஸ்காரர் இரண்டுக்கும் துணைத்தலைவர். நிர்வாகச் சிக்கனத்துக்கு இதைவிட உதாரணம் கிடைக்காது. ஒரே நாற்காலி, ஒரே காபி, இரண்டு கூட்டம்.

காபி போடுவது கேப்டனின் மனைவி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் என்பதால் அவளை எல்லோரும் 'எக்ஸ்சேஞ்ச் அம்மா' என்பார்கள். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்ட கை. மூட்டு ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக லிஃப்டில்தான் நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தாள். வந்த வாரமே லிஃப்ட் தரைத்தளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. படி இறங்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படி அப்படிப்பட்ட படி. திருகித் திருகி இறங்கும். நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்றால் முதல் திருப்பத்திலேயே நாற்காலி சிக்கிக்கொள்ளும்.

மெக்கானிக் வரத் தாமதமானது. அந்த இடைவெளியில் தொடரின் பொன்விழா வந்தது. நின்றுபோன லிஃப்டை எட்டிப் பார்த்த பல் டாக்டர், பல்லுக்குள் எட்டிப் பார்ப்பது போலவே வெகுநேரம் பார்த்துவிட்டு, "அளவு அப்படியே கட்டளை அறைதான் சார்!" என்றார். ஒரு மாலைக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். பிளைவுட்டில் பலகை செய்து கலர் பல்புகள் பதித்து உள்ளே திருகிவிட்டார்கள். மறுநாள் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அது 'பாரம்பரியச் சின்னம்' ஆயிற்று. கழற்றுவது தண்டனைக்குரிய குற்றம். தண்டனை இன்னும் முடிவாகவில்லை.

எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு இதிலெல்லாம் வருத்தமில்லை. வருத்தம் ஒன்றுதான். எதிர்க்கட்டடத்துத் தரைத்தளத்தில் அவள் அக்கா இருந்தாள். சக்கர நாற்காலி அக்கா. இவள் பால்கனியில் நிற்பாள், அவள் வாசலில் உட்கார்ந்திருப்பாள், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே போனில் பேசிக்கொள்வார்கள். அந்த அக்காவை மகன் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வருகிறது. போனால் திரும்பி வருகிற வயசு இல்லை, இருவருக்கும் தெரியும்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக்கிட்டாப் போதும்டி" என்றாள் அக்கா போனில்.

இதைக் கூட்டத்தில் வைத்தாள் இவள். காபித் தட்டோடு.

"அண்ணி, உங்க கோரிக்கை ரொம்ப நியாயமானது" என்றார் இன்சூரன்ஸ்காரர். "வீடியோ கால்ல பேசலாமே?"

"எதிர் வீட்டுக்கா?"

"தூரம் ஒரு பிரச்சினையே இல்லைன்னுதானே தொடரே சொல்லுது!"

"தொடர்னதும் ஞாபகம் வருது" என்றார் பல் டாக்டர். "அந்தப் பச்சை அரக்கன் முதுகுல ஜிப் தெரியுதே, அது தயாரிப்புக் குறைன்னு ஒருத்தன் எழுதியிருக்கான் சார்!"

அறை கொந்தளித்தது. அது ஜிப் அல்ல, பரிணாம வளர்ச்சியின் உச்சம், தோலுரிக்கும் உயிரினங்கள் காலப்போக்கில் அடையும் வசதி என்று கேப்டன் விளக்கினார். ஏகமனதாக நிறைவேறியது. அக்காவின் விஷயம் 'இதர' என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட்டது. இதரவுக்கு வருவதற்குள் காபி தீர்ந்துவிட்டது.

அவள் தொடரை வெறுத்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இத்தனை வருஷமும் அடுப்படியிலிருந்து கேட்டே முழுத் தொடரும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒரு ஆள் ஏதாவது கிரகத்தில் மாட்டிக்கொள்வான். கிளம்பலாம் என்பார்கள் எல்லோரும். கப்பல் தலைவர் கையை உயர்த்துவார்: "நம் ஆள் ஒருவர் பின்னால் நிற்கும்வரை இந்தக் கப்பல் கிளம்பாது!" அந்த வசனம் வரும்போது அவள் கரண்டியை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள். அதற்காகத்தான் ஜிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இப்போது அந்த வசனம் லிஃப்டின் நெற்றியில் தங்க எழுத்தில் மின்னுகிறது.

சனிக்கிழமை, யாரையும் கேட்காமல், அவளே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். எக்ஸ்சேஞ்ச் குரல். மறுக்க முடியாது. மத்தியானமே வந்துவிட்டான். மொட்டை மாடியில் மோட்டாரைக் குடைந்துவிட்டு, இறங்குகிற வழியில் வாசலில் நின்றான்.

"மோட்டார் ரெடிம்மா. சின்ன கோளாறுதான். கீழ பட்டனை மறைச்சு ஏதோ பலகை அடிச்சு வச்சிருக்காங்களாமே? வாட்ச்மேன் சொன்னாரு, நான் இன்னும் உள்ள பாக்கல. நாலு ஸ்க்ரூதானாம். கழட்டிட்டா வண்டி மேல வந்துரும்."

"நாலே ஸ்க்ரூவா?"

"நாலேதான்."

அவள் நல்ல புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். தரைத்தளத்தில் தடபுடல் கேட்டது. அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்டுக் கூண்டு வெறும் கம்பிதான், கீழே தும்மினால் மேலே கேட்கும்.

"கைய வைக்காதே! பாரம்பரியச் சின்னம்!" இது கேப்டன்.

"சார், தள்ளுங்க. அம்மா பாவம், எத்தனை நாளா..." இது மெக்கானிக். அப்புறம் அவன் குரலே மாறிவிட்டது. "ஏன் சார்... இது அந்தரக் கப்பல் பலகையில்ல?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? இந்தச் சிவப்பு லைட்டு எரிஞ்சா எதிரி வர்றான்! எங்கப்பா மடியில உக்காந்து பாத்தேன் சார்! ஐயோ, இதையா என்னைக் கழட்டச் சொன்னாங்க?"

மேலே அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஸ்க்ரூ டிரைவர் பையில் விழும் சத்தம் கேட்டது. மாலைக்குள் மெக்கானிக் மன்றத்தின் 'தலைமைப் பொறியாளர்' ஆகிவிட்டான். தலைமுறைகளை இணைக்கும் ஆற்றல் வேறு எந்தக் கலைக்கு உண்டு?

அன்று கேப்டன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள். "நாலு ஸ்க்ரூதானேங்க?"

"ஸ்க்ரூ நாலுதான். ஆனா அதுல ஒரு லட்சியம் மாட்டியிருக்கு."

"எங்கக்கா நாளைக்குப் போயிடுவா."

"நாளைக்குத்தான் புதுப் பொறியாளருக்கு வரவேற்பு. அதை முடிச்சிட்டு ஒரு அவசரக் கூட்டம் போட்டுப் பேசுவோம். ரசம் கொஞ்சம் ஊத்து."

அவள் ஊற்றினாள். கட்டிலில் இருந்த புடவையை எடுத்து வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கட்டிக்கொண்டாள். பால்கனியிலிருந்து பார்த்தாள். எதிரே கார் வந்து நின்றது. மகன் பெட்டிகளை ஏற்றினான். சக்கர நாற்காலி வாசலுக்கு வந்தது. அக்கா தலையை உயர்த்தி நான்காம் மாடியைப் பார்த்தாள். போனை எடுக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

கீழே வரவேற்பு. லிஃப்டுக்குள் பல்புகள் மினுக்கின. வெள்ளிக் காகிதச் சட்டையில் பல் டாக்டர் கைதட்டினார். மாலை போட்ட மெக்கானிக் கூச்சத்தோடு நின்றான். கேப்டன் பலகையில் கை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்:

"ஐம்பது வருஷம் ஆகியும் இந்தத் தொடர் ஏன் நிக்குது? அட்டை பழசாகலாம். பல்பு பழசாகலாம். அது சொன்ன விஷயம் பழசாகாது! நம் ஆள் ஒருவர் பின்னால் நிற்கும்வரை..."

"இந்தக் கப்பல் கிளம்பாது!" என்று எல்லோரும் சேர்ந்து முழங்கினார்கள். இன்சூரன்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மேலேயிருந்து, கூண்டுக் கம்பிகளின் வழியே, மாடி மாடியாக ஒரு குரல் இறங்கி வந்தது. சத்தம் போடாத, தெளிவான, பழைய எக்ஸ்சேஞ்ச் குரல்.

"கேப்டன், நாலாவது மாடியில உங்க ஆள் ஒருத்தி நிக்கிறா. எங்கக்கா கார்ல ஏறிக்கிட்டிருக்கா. கப்பலைத் திருப்பி மேல கொண்டு வர்றீங்களா, இல்ல, அந்த வசனத்தையும் பெயின்ட் அடிச்சு அழிச்சிடுறீங்களா?"