பேபர் மலையில் மூன்று நிறுத்தங்கள்

பேபர் மலைப் பாதையின் முதல் வளைவில் கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோனது. ஓட்டி வந்த அற்புதராஜின் பக்கத்தில் வருங்கால மாமனார் சூசைநாதன். பின்னால் வருங்கால மனைவி ஜோசபினும் அவளுடைய அத்தை பிலோமினம்மாளும். இந்த 'வருங்கால' எல்லாம் இன்னும் முடிவாகாத சங்கதி. அது முடிவாவதும் முறிவதும் இந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது.

"என்ன தம்பி, நிறுத்திட்டீங்க?" என்றார் சூசைநாதன்.

'அதுவா நின்னுபோச்சு' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அற்புதராஜ் ஜன்னல் பக்கம் கையை நீட்டினான்.

"ஹார்பர் இங்கேருந்து பார்த்தாத்தான் சார் அழகு. இறங்கிப் பாருங்க."

எல்லாரும் இறங்கிக் கப்பல்களைப் பார்த்தார்கள். அற்புதராஜ் மட்டும் கீழே குனிந்து கிளட்சைப் பார்த்தான். அது அவனைக் கைவிடுவது புதிதல்ல. லைசென்ஸ் எடுக்கப் போனபோது இரண்டு முறை மேட்டில்தான் தோற்றான். மூன்றாம் முறை எப்படித் தேறினான் என்பது அவனுக்கே விளங்கவில்லை. அந்த லைசென்சுக்கு இன்றோடு ஆறு வாரம்தான் வயது.

கல்யாணத் தரகரோ, "மாப்பிள்ளை அஞ்சு வருஷமா கார் ஓட்டுறாரு" என்று அளந்துவிட்டிருந்தார். சூசைநாதன் ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர். ஒருவன் பியூன் வேலையைக் கிளார்க் வேலை என்றான். இன்னொருவன் வயதில் ஆறு வருஷத்தை விழுங்கினான். இரண்டு கூட்டமும் அவருடைய குவீன்ஸ்டவுன் வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போன கதை அந்த அடுக்குமாடி பிளாக் முழுக்கத் தெரியும். ஆகவே இந்த முறை பெண் பார்ப்பது வீட்டில் வேண்டாம், காற்று வாங்கப் போவது போலப் போய்வருவோம் என்று ஏற்பாடு. "இந்த ஆளும் ஒரு பொய் சொன்னான்னு தெரிஞ்சா, இருந்த இடத்துலேருந்து எந்திரிச்சுப் போயிடுவேன்" என்று தரகரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

அற்புதராஜ் கத்தோங் கடற்கரைக்குத்தான் போகலாம் என்றான். அங்கே சாலை பலகை மாதிரி சமமாக இருக்கும். பிலோமினம்மாள்தான் கெடுத்தாள். "கடலை எப்பவும் பார்க்கலாம் லா. நம்ம ஊர்ல மலை எங்க இருக்கு? பேபர் மலைக்குப் போவோம்!"

அவன் மறுக்கவில்லை. மறுத்து இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் அவனால் தாங்க முடியாது. பதினோரு மாதமாக ஞாயிறு பூசையில் ஜோசபின் பாடுவதைக் கேட்பதற்காகவே கடைசி வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு இடம் மாறியவன் அவன். அவளிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

எல்லாரும் ஏறியதும் கார் முதலில் ஆறடி பின்னால் போனது.

"பின்னால போகுதே தம்பி?"

"வளைவுல சார்... கொஞ்சம் இடம் விட்டு எடுக்கணும்."

பிறகு அது உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தான். ஜோசபின் அத்தையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை அவனைப் பார்த்து மெல்லத் தலையாட்டிச் சிரித்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தவுடன் அவனுடைய கால் நடுங்கியது. கால் நடுங்கியதும் கார் மறுபடி நின்றது.

இந்த இடத்தில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஒரு பக்கம் லாலான் புல், இன்னொரு பக்கம் சாக்கடை.

"இங்க என்ன தம்பி?"

அற்புதராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு வழியில்லை.

"இந்தக் கால்வாயைப் பாருங்க சார். எவ்வளவு நேர்த்தியா கட்டியிருக்காங்க!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சூசைநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. மனுஷர் இருபத்தாறு வருஷம் முனிசிபாலிட்டியில் கால்வாய் ஓவர்சியராக இருந்தவர். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"அடடே, உங்களுக்கு இதெல்லாம் கண்ணுல படுதா? வாங்க, இறங்குங்க. இந்தச் சரிவைப் பாருங்க. எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு ரோட்டுக்கு வராது!"

கால் மணி நேரம் கால்வாய் பார்த்தார்கள். அற்புதராஜுக்கு உயிர் வந்தது. அதன் பலனை அடுத்த வளைவிலேயே அனுபவித்தான்.

"நிறுத்துங்க நிறுத்துங்க! இதான் பெரிய மதகு. நானே நின்னு கட்டுனது!"

மலையிலேயே செங்குத்தான இடம் அது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காரை அற்புதராஜ் தன் கையாலேயே நிறுத்தினான். மதகைப் பார்த்து முடித்துப் பெரியவர் ஏறி உட்கார்ந்தபோது, கார் பின்னால் மட்டும்தான் போவேன் என்றது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பிலோமினம்மாள் சத்தமாக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள்.

அற்புதராஜ் காரை ஓரமாக உருட்டிவிட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"உச்சி இங்க பக்கம்தான் சார். நடந்து போனா... காத்து நல்லா வரும்."

எல்லாரும் உடனே இறங்கி நடந்தார்கள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

உச்சியில் நல்ல காற்று. கீழே துறைமுகமும், தாண்டித் தீவுகளும் தெரிந்தன. அற்புதராஜுக்கு ஒன்றும் தெரியவில்லை. சற்றுத் தள்ளி பிலோமினம்மாள் தன் தம்பி சூசைநாதனை இழுத்து வைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். சூசைநாதன் இரண்டு முறை திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு நேராக அவனிடம் வந்தார்.

வரட்டும். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று அவன் வாயைத் திறந்தான்.

"சார், அந்தக் காரு..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க" என்றார் சூசைநாதன். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மலைப்பாதை சுத்துனதுல பிள்ளைக்கு வயித்தைப் பெரட்டியிருக்கு. பொண்ணு பார்க்கிற நேரத்துல பொண்ணுக்கு வாந்தி வருதுன்னு நாங்க எப்படி வாய்விட்டுச் சொல்றது? நீங்க கண்ணாடியில அவ முகத்தைப் பார்த்துப் பார்த்து நிறுத்தியிருக்கீங்க. அவளுக்குக் கூச்சமா இருக்கக்கூடாதுன்னு கப்பலு, கால்வாய்ன்னு சாக்குச் சொல்லியிருக்கீங்க. கடைசியில நடக்கவே வச்சீங்க. இந்த மனசு யாருக்கு வரும் மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை! அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினோரு மாதம் காத்திருந்தவன். இப்போது அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"போங்க, பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. நாங்க இங்கயே நிக்கிறோம்."

ஜோசபின் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் பொய்யோடு குடித்தனம் நடத்த முடியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பேச்சு மடை திறந்துகொண்டது.

"உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுறேன். நான் உங்களுக்காக நிறுத்தல. உங்களுக்கு வாந்தி வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு மேட்டுல கார் ஓட்ட வராது. முதல் ரெண்டு தடவையும் அது தானா நின்னுச்சு, மூணாவது தடவை கிளம்பவே இல்ல. நீங்க வேணாம்னு சொன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். உங்க அப்பாகிட்ட நானே சொல்லிடுறேன்."

ஜோசபின் அத்தை பார்க்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னாள்:

"அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு வாந்தியும் வரல, மயக்கமும் வரல. முதல் தடவை கார் நின்னதும் உங்க முகம் போன போக்கைப் பார்த்து, அத்தை காதுல அப்படிச் சொன்னதே நான்தான்."