தண்ணீரின் விண்ணப்பம்

கருவேலமோட்டைக் குளம் நிரம்பி வான் பாயப்போகிறதென்றால் அதை முன்கூட்டி அறிவிக்க அந்தக் காலத்தில் யாதொரு ஏற்பாடும் இருக்கவில்லை. விடிய எழும்பி வேப்பங்குச்சியோடு வெளியே வருகிறவர்கள் குளத்தை ஒருதரம் பார்ப்பார்கள். தண்ணீர் கட்டின் தோளைத் தொட்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார்கள். இப்படியொரு காட்டுமிராண்டித்தனம் எண்பத்திரண்டாம் ஆண்டுவரை அக்கராயனுக்கு அந்தப் பக்கம் தடையின்றி நடந்துவந்தது.

அதை ஒழிக்க வந்தவள் விமலேஸ்வரி. செட்டிகுளத்துப் பிள்ளை. கொழும்பில் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டுச் செயற்திட்டத்தை ஏதாவதொரு வேலைத்தலத்தில், வேலை பழகியபடியே செய்து முடிக்க வேண்டும் என்பது விதி. அவளுக்குக் கிடைத்தது குளத்தடி நீர்ப்பாசன அலுவலகம், ஊர் வாயில் கந்தோர். அங்கேயுள்ள பொறியியலாளர் ‘பூர்த்தியாயிற்று’ என்று கையொப்பம் வைத்தால் பட்டம். வைக்காவிட்டால் இன்னொரு வருஷம் இதே கந்தோர், அவள் உட்காரத் தந்த இதே கால் முறிந்த கதிரை.

அவள் செய்தது ஒரு மணி. குளத்தில் ஒரு மிதவை, அங்கிருந்து கந்தோர்வரை வயர், முகட்டில் மின்சார மணி. தண்ணீர் ஏறி மிதவையைத் தூக்கினால் மணி தானாக அடிக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் விடியப்புறம் அடித்தது. பொறியியலாளர் கனகலிங்கம் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

“ஆர் பிள்ளை அடிக்கச் சொன்னது?”

“தண்ணி, சேர்.”

“தண்ணிக்கு அந்த அதிகாரம் இல்லையே.”

அவர் கெட்ட மனிதரில்லை. மிகவும் ஆறுதலாகத்தான் சொன்னார். “அரசாங்க மணி ஒண்டு, தகுதிவாய்ந்த அதிகாரியின்ர அங்கீகாரம் இல்லாமல் அடிக்குது. நான் இதுக்கு எப்பிடிக் கையொப்பம் வைக்கிறது, நீரே சொல்லும்.”

ஆகவே அவருடைய மேசையில் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு சுவிச்சும் பூட்டப்பட்டன. மிதவை உயர்ந்தால் விளக்கு எரியும். அவர் சுவிச்சை அமத்தினால் மணி அடிக்கும்.

“சேர், நீங்கள் அமத்தினால்தான் அடிக்குமெண்டால் மிதவை எதுக்கு?”

“மிதவை விண்ணப்பிக்கும். நாங்கள் பரிசீலிப்பம்.”

இதைக் கேள்விப்பட்ட பிரதம இலிகிதர் ஏரம்பு அன்று மத்தியானம் சோறு தின்னவில்லை. “என்ர சிபாரிசு இல்லாமல் சேரின்ர மேசைக்கு ஒரு துண்டுக் கடதாசி போனதில்லை. தண்ணி மட்டும் நேர போகலாமோ?” என்றார். அவருடைய மேசைக்கு ஒரு மஞ்சள் விளக்கும் இன்னொரு சுவிச்சும் வந்தன. விமலேஸ்வரி வயர் இழுத்தாள். கையொப்பம் அந்த இரண்டு மேசைகளுக்கும் அப்பால் இருந்தது.

மணிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டுத் திறந்துவைத்தார்கள். அதற்குப் பிறகு ஊரைப் பிடிக்க முடியவில்லை. கண்டாவளைக்குச் சம்பந்தம் பேசப் போனவர்கள் “எங்கட ஊரில மணி இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் வெற்றிலைத் தட்டில் கைவைத்தார்கள். வேப்பங்குச்சியோடு வெளியே வந்தவர்கள் இப்போது முகட்டைப் பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் குளத்தைப் பார்த்துவிட்ட கிழவர் ஒருவரை மகன் உள்ளே இழுத்துக்கொண்டு போனான். “மணி இருக்கேக்க ஏனப்பு குளத்தைப் பாக்கிறியள்? நாலு பேர் கண்டால் என்ன நினைப்பினம்?”

மார்கழி மழையில் பரீட்சகர் செல்வநாயகம் கொழும்பிலிருந்து மணியைப் பரிசோதிக்க வந்து சேர்ந்தார். அன்றைக்கென்று கனகலிங்கம் வவுனியாவுக்குப் போயிருந்தார், வெள்ளத் தடுப்பு மகாநாட்டுக்கு.

மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏரம்பு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சிபாரிசு செய்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வெறும் கதிரைக்கு முன்னால் மிகுந்த பணிவுடன் எரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் கந்தோர்ப் படியில் ஏறியது.

தங்கம்மா கக்கத்தில் ஒரு கோழியோடு வந்தாள். வாய்க்காலோரம் குடியிருப்பவள். “புள்ள, மணி பழுதா? அடுப்புக்குள்ள தண்ணி வந்துருச்சு.”

“பழுதில்லையம்மா. சேர் இன்னும் அமத்தேல்லை.”

“அப்பிடியா? நான் பழுதாக்கும்னு பயந்துட்டேன்” என்று நிம்மதியாகத் திரும்பி நடந்தாள்.

விமலேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. சேரின் மேசைக்கு அடியில் புகுந்து, இரண்டு வயரையும் பிடுங்கி ஒன்றாய் முறுக்கினாள். மணி ஊரெல்லாம் கேட்க அடித்தது.

ஒருவரும் அசையவில்லை.

“சேர் வவுனியாவில எல்லோ?” என்றார் முழங்கால் தண்ணீரில் நின்ற கடைக்கார வீரகத்தி. “பிறகு ஆர் அமத்தினது? இது கள்ள மணி.” சனம் அதை ஆமோதித்து, தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் உறுதியாக ஊன்றி நின்றது.

பின்னேரம் வெள்ளம் தானாக வடிந்தது. ஆளுக்கோ ஆட்டுக்கோ சேதமில்லை. பொறியியலாளரின் கதிரை மட்டும் மிதந்துபோய் யாருடைய வயலிலோ குந்தியிருந்தது. றோட்டு அறுந்ததால் பரீட்சகர் ஏரம்புவின் மேசையில் படுத்தார்.

அடுத்தநாள் நல்ல வெயில். கனகலிங்கம் வந்து, சிவப்பு விளக்கைக் கண்டு முகம் சுளித்தார். “விண்ணப்பம் ஒண்டு நிலுவையில கிடக்குது. ஒருத்தரும் சொல்லேல்லையே.” ஏரம்பு காதுக்குள் எதையோ சொன்னார். அவிழ்த்த வயரைப் பழையபடி பூட்டுவித்துவிட்டுக் கனகலிங்கம் விமலேஸ்வரியைப் பார்த்தார். “நேற்று அடிச்சதை நான் கேக்கேல்லை. இப்ப முறைப்படி அமத்துறன். சனம் மேட்டுக்குப் போனால் திட்டம் பூர்த்தி. போகாட்டில் அடுத்த மாரிக்குப் பாப்பம்.”

“எனக்கும் ஒருக்கால் கண்ணால பாக்கவேணும்” என்றார் பரீட்சகர்.

வெள்ளம் வந்து போய்விட்டதே என்று சொல்ல விமலேஸ்வரி வாயைத் திறந்தாள். மூலையில் கால் முறிந்த கதிரை தெரிந்தது.

“அமத்துங்கோ சேர்” என்றாள்.

மணி அடித்தது. சன்னலில் சேரின் தலை தெரிந்தது. வெயிலில் காயப்போட்ட பாயையெல்லாம் சுருட்டிக்கொண்டு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு, ஊர் வரிசையாக மேட்டுக்கு ஏறியது. ஒருவரும் பின்தங்கிவிடாதபடி விமலேஸ்வரி வீடுவீடாகத் தட்டிக் கிளப்பினாள். தங்கம்மாவின் கோழியை அவளே தூக்கிக்கொண்டாள். பரீட்சகர் கைதட்டினார். மேட்டில், வயலிலிருந்து மீட்டுவந்த ஈரக் கதிரையில் அமர்ந்து, கனகலிங்கம் கையொப்பம் வைத்தார்.

தங்கம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கீழே காய்ந்து கிடந்த தன் வீட்டைப் பார்த்தாள். “தண்ணி எப்ப புள்ள வரும்?”

“அனுமதி கிடைச்சிட்டுது அம்மா. இனி வரலாம்.”

“அப்ப நேத்து வந்தது?”

பட்டதாரி விமலேஸ்வரி கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “அது கணக்கில இல்லை அம்மா.”

“அதானே பாத்தேன்” என்று சொல்லிவிட்டுத் தங்கம்மா மூன்று கல்லைக் கூட்டி, தண்ணீர் வரும்வரை இருக்கப்போகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து உலை வைத்தாள்.