லீவு அண்ணன் மெலிந்த கதை

உடம்பு இளைப்பதற்காகவே அதிகம் சாப்பிட்டவர் யார் என்று கண்டியில் ஒரு போட்டி வைத்திருந்தால், எங்கள் லீவு அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்கக்கூட ஆள் கிடைத்திருக்காது.

கட்டுகஸ்தோட்டைப் போர்டிங்கில், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு அடுத்த அறை அவருடையது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் லீவுப் பதிவேடு எழுதும் கிளார்க். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

அவர் மகள் மடுல்கெல்ல மலையில் டீச்சர். பஸ்ஸை விட்டு இறங்கினால் குவார்ட்டர்ஸுக்கு முன்னூறு படி ஏற வேண்டும். பேத்தி பிறந்ததும் பார்க்கப் போனவர் நாற்பதாவது படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மருமகன் அவரை உட்காரவைக்க ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவர, பச்சைப்பிள்ளையைத் தூறலில் கீழே கொண்டுவந்து காட்டினார்களாம். அதைச் சொன்ன கையோடு அண்ணன் சபதமும் எடுத்தார்.

"மொதப் பொறந்தநாளுக்கு நானே ஏறிப் போவேன் தம்பி. இல்லாட்டி நான் என்னா தாத்தா?"

டொக்டரிடம் போனார். நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி, இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒன்றும் கூடாது என்றார் டொக்டர். அண்ணன் கோடு போட்டுப் பதிவேடு தயாரித்தார். பகலெல்லாம் பிசகே இல்லை. ஆறரைக்கு எண்ணி ஐந்து இடியப்பம். எட்டு மணிக்குப் பாலத்தடி ஹோட்டலில் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம் கேட்டதும் சட்டையை மாட்டுவார்.

"அண்ணை, ஏழு மணிக்குப் பிறகு சாப்பிடக் கூடாதெண்டெல்லோ டொக்டர் சொன்னவர்?"

"இன்னைக்குள்ளது முடிஞ்சிருச்சு தம்பி. இது நாளைக்குள்ளது. நாங்க அட்வான்ஸ் லீவு குடுக்கிறதில்லையா?"

கல்யாண வீட்டுப் பிரியாணி டியூட்டி லீவு. அதாவது, கணக்கில் சேராது. பொதுவிடுமுறை நாட்களில் பதிவேட்டையே திறக்க மாட்டார். மாதாமாதம் பௌர்ணமிப் போயா தினத்தோடு நான்கு மதத்துப் பெருநாளுக்கும் லீவு விடும் நாட்டில் ஒரு மனிதன் எப்படி மெலிவான்?

ஒரு நாள் அந்தப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். நாங்கள் இருந்தது ஆனி மாதத்தில். அண்ணன் தீபாவளி வரைக்கும் தின்று தீர்த்திருந்தார். மருந்துக்கடைத் தராசுக்கு அழைத்துப் போனேன். மூன்று கிலோ கூடியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முள் இறங்கவில்லை.

"கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்றார், அழாக்குறையாக.

"லீவு முடிஞ்ச ஆளுக்குச் சம்பளமில்லாத நோ பே லீவுதான் அண்ணை. இனிக் கொத்தும் இல்லை."

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவருக்கு அது சட்டமாகிவிட்டது. அன்று தொடங்கி, கொத்துச் சத்தம் கேட்டதும் அண்ணன் ஹோட்டலுக்குள் நுழையாமல் பாலத்தில் ஏறி நடக்கத் தொடங்கினார். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பத்துத் தடவை. துணைக்கு நான். அவர் மெலிந்தாரோ இல்லையோ, நான் எலும்பும் தோலுமானேன்.

ஹோட்டல் முதலாளியான முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் கடை வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன சேர், எங்களோட கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல நானா. பேத்தி!" என்று சொல்லிவிட்டு அண்ணன் நிற்காமல் நடந்தார்.

பிறந்தநாளுக்கு என்னையும் கூட்டிப் போனார். நாற்பதாவது படியைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டே இடத்தில் நின்றார், அதுவும் எனக்காக என்றார். முன்னூறாவது படியில் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பேத்தி தாவி வந்து அவர் மீசையைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

பஸ் பிந்தியதால் நாங்கள் சாப்பிட உட்கார ஏழரை ஆகிவிட்டது. சுடச்சுட ரொட்டியும் சம்பலும் வைத்திருந்த மகள் தயங்கினாள்.

"அப்பா, மணி ஏழு தாண்டிருச்சே... உங்களுக்கு வெறும் தேத்தண்ணி மட்டும் போடவா?"

பேத்தியை மடியில் வைத்திருந்த அண்ணன் ரொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தடுக்க வேண்டிய நான், என் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.