தன் வீட்டுக்குத் தானே இன்ஜினியர்

வீட்டில் குடியிருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூலி வாங்கிக்கொண்டு வீடு கட்டித் தருகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. தன் வீட்டைத் தானே கட்டுகிறவர் இனம். பிழைப்புக்கு மருந்துக்கடை, தபால் நிலையம், பல் வைத்தியம் என்று வேறு ஏதாவது பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பார். ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது, ஒரு செங்கல், அதன்மேல் இன்னொரு செங்கல், நடுவில் கொஞ்சம் சிமெண்ட், இதில் என்ன பெரிய வித்தை என்று ஓர் எண்ணம் வந்து தலைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் மனிதர் இன்ஜினியர் ஆகிவிட்டார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரமாட்டார். முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், வைத்தியர் நோயாளியின் முதுகைத் தட்டிவிட்டுச் சொந்தக்காரர்களைப் பார்ப்பது போல வீட்டுக்காரரைப் பார்ப்பார். துக்க வீட்டிலும் இதே கதைதான். எல்லோரும் கீழே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் அண்ணாந்து பார்த்து, "ஈரம் இறங்கியிருக்கே, கவனிக்கலையா?" என்பார். போனவரைத்தான் கேட்கிறாரோ என்று பாதிப் பேர் திடுக்கிடுவார்கள். செல்போனில் பிள்ளைகளின் படம் இருக்காது. தூண் இருக்கும். தூண் பிறந்தபோது, தூண் எழுந்து நின்றபோது, தூணுக்குப் பூச்சு பூசியபோது.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், அவ்வளவுதான்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் அளந்து பிழைக்கிறவர். வீடு கட்டுவது என்று முடிவெடுத்த நாளிலிருந்து இடுப்பில் அளக்கும் டேப்பைச் செருகிக்கொண்டு அலைந்ததால் எங்கள் தெருவில் அவருக்கு டேப்புக்காரர் என்று பெயர். தூங்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டார் என்றும், புரண்டு படுத்தால் கட்டில் அளவு வந்துவிடும் என்றும் பேச்சு. நல்ல உயரம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். அவர் மனைவியோ அவர் சட்டைப் பைக்குள் எட்டிப் பார்க்கிற உயரம். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. எதற்கும் கத்தமாட்டார். தப்பைக் கண்டால் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

அவர்கள் இருந்தது வாடகை வீடு. அதன் சமையலறையைச் சமையலறை என்று சொன்னது யாரென்று தெரியவில்லை. பட்டப்பகலில் உப்பா சர்க்கரையா என்று நக்கிப் பார்த்துத்தான் போட வேண்டும். சமையல் மேடை அந்த அம்மாளின் நெஞ்சுக்கு வரும். ஒரு மரப்பலகையைப் போட்டு ஏறி நின்று கிளறுவார், இறங்கி வந்து காய் நறுக்குவார், மறுபடி ஏறுவார். தினமும் சோறு ஆக்குவதற்குள் ஒரு குன்று ஏறி இறங்கின களைப்பு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும்.

அதனால் புது வீடு என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு மாளிகை எல்லாம் வேணாங்க. சமையல் மேடை என் இடுப்புக்கு வரணும். ஜன்னல்ல தெரு தெரியணும். அடுப்புப் பக்கத்துல நிக்கிறப்போ நாலு மனுஷ முகம் பாக்கணும்."

"இதுகூட இல்லாம ஒரு வீடா? உனக்காகத்தானே கட்டுறேன்!" என்றார் டேப்புக்காரர்.

"உனக்காகத்தான்." இந்த இனத்தின் தாரக மந்திரம் இது. யாராவது இதைச் சொன்னால் உங்கள் சாமான்களை எண்ணிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டை அவர் சுண்ணாம்புக்கட்டியால் கட்டினார். வாடகை வீட்டு மொட்டைமாடியில், அசல் அளவில், கோடு கோடாகப் போட்டு, இது கூடம், இது படுக்கையறை, இது என் படிப்பறை, இது உன் சமையலறை என்று பிரித்துவிட்டார். அதற்குள் குடும்பம் பழகிக்கொள்ள வேண்டுமாம். மாலையில் எல்லோரும் மாடிக்குப் போய் இல்லாத கதவைத் திறந்து, இல்லாத அறைகளில் வாழ வேண்டும். துணி காயப்போடுவதென்றால் படிப்பறை வழியாகப் போகக்கூடாது.

ஒருநாள் அந்த அம்மாளின் அண்ணன் வந்தார். கனத்த உடம்பு, கலகலப்பான ஆள். மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நேராக வந்தவரை டேப்புக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"மச்சான், நில்லுங்க! அது சுவரு!"

"எது?"

"இப்ப தாண்டி வந்தீங்களே. திரும்பிப் போய் வாசல் வழியா வாங்க."

அண்ணன் திரும்பிப் போனார். வாசல் கோட்டருகே நின்று, காற்றில் விரலை அழுத்தி, "டிங் டாங்" என்றார். உள்ளே வந்தவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்க உட்காரலாமா மாப்பிள்ளை? இல்ல, குளியலறை எதுலயாவது உட்கார்ந்துடப் போறேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் சமையலறைக் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். தாராளமான கோடு. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தெரு நன்றாகத் தெரிந்தது. இடுப்பு உயரத்தில் கையை வைத்து இல்லாத பாத்திரத்தை மெல்லக் கிளறிக்கொண்டே, கீழே சைக்கிளில் போன பூக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் வாழ்ந்த சமையலறைகளிலேயே அதுதான் நல்ல சமையலறை.

மறுநாள் மழை. வீடு கரைந்து போனது. டேப்புக்காரர் ஞாபகத்திலிருந்தே திரும்ப வரைந்தார். பாருங்கள், மழைக்கு எவ்வளவு புத்தி! கூடத்தைத் தொடவில்லை, படிப்பறையைத் தொடவில்லை. சமையலறையில் மட்டும் இரண்டடியை அடித்துக்கொண்டு போயிருந்தது.

பிறகு நிஜ வேலை தொடங்கியது. மேஸ்திரி வந்தார். இப்படிப்பட்ட இன்ஜினியருக்கென்றே செய்து வைத்த மேஸ்திரி. அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"மேஸ்திரி, இந்தச் சுவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளலாமா?"

"தள்ளிடலாம் சார்."

"தூண் இடிக்குமே?"

"இடிக்கும் சார்."

"அப்ப தள்ள முடியாதா?"

"தள்ளிடலாம் சார்."

வீட்டைத் தலைகீழாகக் கட்டுங்கள் என்றிருந்தால், "தளத்தை முதல்ல போட்டுடலாம் சார்" என்றிருப்பார். படிப்பறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர் இந்த இருவருக்கும் இடையே மாட்டிக்கொண்டது. படிப்பறையில் ஒரு சாய்வு நாற்காலி போட வேண்டும் என்று தோன்றியதும் சுவர் இடிந்தது, ஓரடி நகர்ந்தது. நாற்காலியில் சாய்ந்தால் கால் நீட்ட இடம் வேண்டுமே என்று தோன்றியதும் மறுபடி இடிந்தது, மறுபடி நகர்ந்தது. நடை பழகும் குழந்தை மாதிரி அது சமையலறையை நோக்கித் தத்தித் தத்திப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மேஸ்திரி அதைக் கட்டும்போதே இடிக்கத் தோதாகக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அடித்தளத்துக்குப் பதில் சக்கரம் வைத்துவிடலாமா என்றுகூட யோசித்ததாகக் கேள்வி.

அடுத்தது ஜன்னல்.

"சமையலறை ஜன்னலைப் படிப்பறைக்கு மாத்திடலாம்னு பாக்குறேன்" என்றார் டேப்புக்காரர், சாப்பிட்டுக்கொண்டே. "தெருப்பக்கம் வெளிச்சம் நல்லா வருது. யோசிக்க வெளிச்சம் வேணும்."

"எனக்கு?"

"உனக்கு வெள்ளை லைட்டு போட்டுத் தரேன். பகல் மாதிரியே இருக்கும். வெயில் படாது, தூசு வராது. யோசிச்சுப் பாரு, உனக்காகத்தான்."

அந்த அம்மாள் சாதத்தைப் பரிமாறிவிட்டு ஒரு விநாடி நின்றார். மனசுக்குள் எந்த ஓரத்தில் என்ன குறி போட்டாரோ, நமக்குத் தெரியாது. "மேடையாவது என் உயரத்துக்கு வரட்டும்" என்றார்.

"அதைச் சொல்லணுமா!"

மேடை கட்டிய நாள் அந்த அம்மாள் அச்சகத்தில் இருந்தார். மேஸ்திரி, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா உயரம் எவ்ளோ சார்? வரச் சொல்லி நிக்க வெச்சுப் பாத்துடலாமா?"

"அவ உயரம் எனக்குத் தெரியாதா மேஸ்திரி? எதுக்கு அவ வேலையைக் கெடுத்துக்கிட்டு? நானே நிக்கிறேன்."

நின்றார். வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர், கரண்டி என்று நினைத்துக்கொண்டு ஒரு பூச்சுக்கட்டையைப் பிடித்து, இல்லாத வாணலியில் விறுவிறுவென்று கிளறினார். தாளித்தார். உப்புப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"முதுகு வளையுது மேஸ்திரி. பாவம், அவளுக்கு வலிக்கும். இன்னும் ஏத்துங்க."

"ஏத்திடலாம் சார்."

இன்னும் ஏறியது. அவர் முதுகு நிமிர்ந்தது. மனைவிமேல் உள்ள பரிவில் அவருக்குக் கண்கூடக் கலங்கியதாம். பரிவு உண்மைதான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். உயரம்தான் அவருடையது.

குடிபோகும் நாள் வந்தது. சாமான்கள் இறங்கின. அந்த அம்மாள் கையில் அரிசிப் பாத்திரத்தோடு சமையலறைக்குள் போனார். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது மூச்சுக்கு இடமில்லாத அறை. பேருக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் இருந்தது. திறந்தார். பக்கத்து வீட்டுச் சுவர். பாத்திரத்தை மேடையில் வைக்கப் போனார். கையைத் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.

வாசலில் நின்ற அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை, என் தங்கச்சி உள்ள போன மாதிரி இருந்துச்சே. எங்க காணோம்?"

டேப்புக்காரருக்கு முகம் வெளுத்தது. "இது... மேடைமேல கல்லு பதிச்சதுல கொஞ்சம் ஏறியிருக்கும். ஒரு சின்னப் பலகை போட்டா சரியாயிடும்."

பலகை! வாடகை வீட்டில் ஏறி இறங்கிய அதே பலகை. அந்த அம்மாள் அழவில்லை. சத்தம் போடவில்லை. நேராக வந்து, கணவரின் இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். அதுவரை யாரும் தொட்டதில்லை. படிப்பறைக்குப் போனார். அங்கே தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு அடியில், உயரமான மனிதர் உட்கார்ந்து எழுதுவதற்காகச் சுவரோடு சேர்த்துக் கட்டிய நீளமான கல் மேசை. பக்கத்தில், யோசித்துக் களைத்தால் முகம் கழுவ ஒரு தொட்டி, குழாயோடு. மேசையை அளந்தார். தன் இடுப்பை அளந்தார். டேப்பைச் சுருட்டி அவரிடமே கொடுத்தார்.

"அண்ணே, அந்த அடுப்பைக் கொஞ்சம் இப்படித் தூக்கிட்டு வா."

"என்ன பண்றே? இது படிப்பறை!" என்று பின்னாலேயே ஓடினார் டேப்புக்காரர்.

"இடம் மாறி அச்சாயிருக்கு. மாத்தி வைக்கிறேன்."

"அப்ப நான் எங்க யோசிக்கிறது?"

"அங்கதான். உங்க உயரத்துக்கே அளந்து கட்டினதாச்சே. நின்னுகிட்டு யோசிங்க, முதுகு வளையாது."

மேஸ்திரியைப் பார்த்தார் டேப்புக்காரர், ஏதாவது சொல்வாரா என்று.

"மாத்திடலாம் சார்" என்றார் மேஸ்திரி.

இப்போது அந்தத் தெருவில் போகிற எல்லோருக்கும் அந்த அம்மாளைத் தெரியும். குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு, ஜன்னலில் கையூன்றி, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்காமல் யாரையும் விடமாட்டார். டேப்புக்காரர் அந்த இருட்டறையில் வெள்ளை விளக்கின் கீழ் நின்றபடி செய்தித்தாள் படிக்கிறார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது. வருகிறவர்களையெல்லாம் அழைத்துப் போய்க் காட்டுகிறார். "சமையலறை தெருப்பக்கம்தான் இருக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன், அவளுக்காக. நின்னுகிட்டுப் படிச்சா உடம்புக்கு நல்லது, அதான் இதை இந்த உயரத்துல கட்டினேன்." வந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். அடுத்த அறையில் கரண்டி பாத்திரத்தில் கொஞ்சம் பலமாகத் தட்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒரு டேப்புக்காரரை நினைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அடுப்பைப் படிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே, அப்போது, புகை எப்படி வெளியே போகும் என்று உங்களுக்குத் தோன்றியதா? ஜன்னலுக்கு மேலே ஒரு துளை போட்டுக் காற்றாடி வைத்தால் தீர்ந்தது என்று பதிலும் நீங்களே சொல்லிக்கொண்டீர்களா? அதுவும் தேவையில்லை, அந்த நடுச்சுவரையே எடுத்துவிட்டால் இரண்டு அறையும் ஒன்றாகிவிடுமே என்றுகூட மனசுக்குள் ஒருமுறை இடித்துப் பார்த்தீர்களா?

அப்படியானால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய், உங்கள் வீட்டு அடுப்பில் நிற்கிறவர் எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்குத் தெரியும் என்கிறீர்களா?

டேப்புக்காரரும் அப்படித்தான் சொன்னார்.