பத்து மாதம் சார், இரண்டு மாதம் மேடம்

"எஸ்டேட்டுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எனக்கு ஒரு லெட்டர் வேணும் சார். இன்னிக்கே."

பங்களா வராந்தாவில் நின்று சரிதா இப்படிக் கேட்டதும், எஸ்டேட் மேனேஜர் கீர்த்திவாசன் கையிலிருந்த ரொட்டித் துண்டு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கத்து அந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஹெட்கிளார்க்கைத் தாண்டி யாரும் பங்களாப் படி ஏறியதில்லை. "கணக்கப்பிள்ளையத் தாண்டித் தொரைகிட்ட வாயத் தொறந்திராதடி" என்று அம்மா தெய்வம்மா அவளுக்குப் பாலோடு சேர்த்துப் புகட்டியிருந்தாள்.

"ஜெகதீசன் மூலமா வரலாமேம்மா?"

"அவராலதான் சார் நேரா வந்திருக்கேன்."

விஷயம் இதுதான். ஃபேக்டரி ஆபீசில் ஜெகதீசன் ஹெட்கிளார்க், அம்மா வாயில் கணக்கப்பிள்ளை. சரிதா அவருக்குக் கீழே ஜூனியர் கிளார்க். அது போக இருவரும் டெரிட்டோரியல் ஆர்மியிலும் இருந்தார்கள். வருஷத்தில் இரண்டு மாதம் பட்டாளம், மிச்சப் பத்து மாதம் அவரவர் பிழைப்பு. ஜெகதீசன் அங்கே பழைய ஹவில்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து முதல் டிகிரி வாங்கிய சரிதா, அதே சூட்டில் பரீட்சை எழுதி, லெப்டினன்டாகவே போய் இறங்கினாள். அதுவும் அதே யூனிட்டில்.

முதல் முகாமில் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓர் ஆள் முன்னால் நின்றுவிட்டாள். "ஏம்மா சரிதா, வந்தவங்களுக்கு டீ கொண்டா" என்று தினமும் விரட்டுகிற வாய், பல்லைக் கடித்துக்கொண்டு "ஜெய் ஹிந்த், மேடம்" என்றது.

சரிதாவுக்கு இரக்கம் வந்தது. அங்கேதான் பிடித்தது சனி. மூட்டுவலிக்காரர் என்று ஓட்டத்திலிருந்து அவருக்கு விலக்குக் கொடுத்தாள். "ஃபேக்டரிப் பாசம்டா" என்று கூடாரமெல்லாம் சிரித்தது. அந்தப் பேச்சை அழிக்க, மறுநாள் அவரை மட்டும் ஒரு சுற்று கூடுதலாக ஓடவிட்டாள். "ஆபீஸ் கோவத்தை இங்க வந்து தீர்த்துக்குது பாரு" என்றார்கள்.

முகாம் முடிந்து ஊர் திரும்பினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏற, சரிதாவிடமிருந்து லெப்டினன்ட் இறங்கிக் கிளார்க் ஏறிக்கொண்டாள். முன்சீட்டில் ஹவில்தார் இறங்கி ஹெட்கிளார்க் ஏறிக்கொண்டார்.

மறுநாளே உத்தரவு வந்தது. "எமரால்டு பக்கத்துத் தோட்டத்துல பச்சை இலை எடை போட ஆள் இல்லம்மா, நீ போ. மழைன்னு பாக்காத. பட்டாளத்துக்காரிக்கு மழை என்ன?"

நனைந்த கோழியாக வீடு திரும்பியவளை அம்மா விசாரித்தாள். "அங்க நீதான் ஆளுகள நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிறியாம்? அப்பக் கணக்கப்பிள்ளை எங்க நிப்பாரு?"

"வரிசையில."

"ஆத்தாடி! போயி மன்னிப்புக் கேளுடி!"

சரிதா மன்னிப்புக் கேட்கிற ரகமில்லை. ஆனாலும் சமாதானம் பேசலாம் என்று ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டோடு அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அவர் மனைவி ரேகா, வர்க்கியையும் பார்த்தாள், ஆளையும் பார்த்தாள்.

"ஓ, நீங்கதானுங்களா அது? எங்க ஊட்டுக்காரரு தூக்கத்துல எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிக்கறாரு. இதுல வர்க்கி வேறயாக்கும்?"

அடுத்த முகாமில், மகளுக்குக் காதுகுத்து என்று ஜெகதீசன் லீவு கேட்டு வந்து நின்றார். கொடுத்தால் பாசம் என்பார்கள். மறுத்தால் பகை என்பார்கள். பட்டாளத்துக்குப் பகையே அழகு என்று மறுத்துவிட்டாள். ஊர் திரும்பி அவள் பொங்கலுக்கு லீவு கேட்டபோது, "லீவா? மேடம்கிட்டக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார் அவர், அவள் முகத்தையே பார்த்து.

சரிதாவுக்கு ரத்தம் கொதித்தது. தோளில் இருந்த நட்சத்திரங்கள் யாரும் போட்ட பிச்சையல்ல. ஆனால் அவள் எந்த உத்தரவு போட்டாலும் அதில் ஃபேக்டரித் தேயிலை வாசம்தான் வந்தது. வேலையை விடலாம் என்றால், அவள் வேலையை நம்பி அம்மா இருக்கிற லயத்து வீடு போய்விடும். வேலை இல்லாதவளைப் பட்டாளமும் வைத்துக்கொள்ளாது. ஆகவே யூனிட்டைத்தான் மாற்ற வேண்டும், அதுவும் மாநிலம் தாண்டி. கேரளத்து யூனிட் ஒன்று வரச் சொல்லிவிட்டது. பழைய யூனிட்டும் போகச் சொல்லிவிட்டது. எஸ்டேட்டின் சம்மதக் கடிதம் மட்டுமே பாக்கி. அதை எழுத வேண்டியவர் ஜெகதீசன்.

"கேரளாவா?" அவர் முகம் வெளுத்தது. "அது வேண்டாம்மா. ராஜஸ்தான் கேளு, அசாம் கேளு. நானே நல்ல இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன்."

"கேரளாதான் சார்."

"அங்க குண்டரிசிச் சோறு. உனக்கு ஒத்துக்காது."

"ரேஷன் அரிசில வளந்த ஒடம்பு சார் இது."

"பாஷை தெரியாதே?"

"கத்துக்குவேன்."

ஜெகதீசன் எழுந்தே நின்றுவிட்டார். "உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன் சரிதாம்மா. கேரளா மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

ஜூனியரிடம் சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை போலும். "அதெல்லாம் சொல்ல முடியாது, போ" என்றார்.

தான் முன்னுக்கு வருவது இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுக்கவில்லையா? ராஜஸ்தானுக்குக்கூடச் சம்மதித்திருப்பாளோ என்னவோ, இப்போது முடியாது. கடிதத்தைத் தானே டைப் அடித்துக்கொண்டு நேராகப் பங்களாப் படி ஏறினாள்.

கீர்த்திவாசன் ரொட்டியைத் தட்டில் வைத்தார். நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. "எங்கம்மா போடணும்?" என்று கேட்டு, விரல் காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டார். அம்மா பயந்த மாதிரி வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

திரும்புகிற வழியில் ஆபீசுக்குள் நுழைந்த சரிதா, கடிதத்தை ஹெட்கிளார்க் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

"கேரளா. தொரையே போட்டுக் குடுத்துட்டாரு. இனிமே நீங்க என் மூஞ்சியில முழிக்காம நிம்மதியா ஓடலாம் சார்."

ஜெகதீசன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. சரிதா விறைப்பாகத் திரும்பி, ஃபேக்டரி கேட்டைத் தாண்டி, தபாலாபீஸ் இருக்கும் திசையில் நடந்தாள். யார் கூப்பிட்டாலும் நிற்பதாக இல்லை.

கேட்டைச் சாத்திய வாட்ச்மேன் மூக்கன் பின்னாலிருந்து சந்தோஷமாகக் குரல் கொடுத்தான்:

"கேரளாப் பட்டாளமா அம்மிணி? நல்லதாப் போச்சுங்க, நம்ம ஜெகதீசன் சாரும் உங்ககிட்ட இருந்து தப்பிச்சாப் போதும்னு போன வாரமே அங்கதானுங்க மாத்தல் வாங்கிட்டாரு!"