இலி ஆற்றில் உங்கள் நூல் அறுந்தது பற்றி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அபில்காசிம் அவர்களுக்கு,

இலிக் கரையிலிருந்து தோசிம்கான் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும், சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளை எர்கெபுலானும், என் மகள் அக்போத்தாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். முறைப்படி கால்நடைகளின் நலத்தையும் விசாரிக்கிறேன். தல்திகோர்கானில் நாலாவது மாடியில் குடியிருக்கும் தையல்காரருக்கு ஒரு பூனைதான் கால்நடை என்பது தெரியும். அதையே விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். இங்கே பசு, ஒன்பது ஆடுகள், என் மனைவி குல்பாஷ் எல்லோரும் நலம். நான்தான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது, அதுதான் காரணம்.

பிரித்தேன். நீல வெல்வெட்டில் ஒரு மேலங்கி, காலர் முழுக்க நீங்களே கையால் போட்ட பொன் வேலைப்பாடு. அதற்குள் பத்திரமாகச் சுற்றிவைத்த புதுத் தூண்டில் நூல், பழையதைவிடத் தடிமன். கூடவே ஒரு சீட்டு. "சம்பந்தி, போன முறை என் நூல் உங்களைக் கைவிட்டுவிட்டது. இதை நானே இழுத்துப் பார்த்து எடுத்தேன். மன்னிக்கவும்." மூன்றே வரி. குல்பாஷ் அங்கியை என் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். "என்னய்யா, போட்ட உடனே இப்படி வேர்க்குது?" என்றாள். கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்தால் தயவுசெய்து கீழே வைத்துவிட்டுப் படிக்கவும்.

முதலில் ஆகஸ்ட் மாதத் தொலைபேசிப் பேச்சு. ஊருக்கு வரும்போது என்ன வாங்கிவரட்டும் என்று மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள். தேயிலை என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் அரை மணி நேரம் பேசினேன். "நைலான் தங்கூசியை எல்லாம் தூக்கிட்டு வந்துடாதீங்க சம்பந்தி, அது எங்க ஊர்ல காலுறை காயப்போடத்தான் ஆகும். எங்க கெளுத்தி மனுஷன் நீளம். அதுக்குப் பின்னல் நூல் வேணும், நல்ல தடிமனா, ரெண்டு பேர் தொங்குனாலும் தாங்குற மாதிரி" என்றேன். இந்த இடத்தில் ஒரு உண்மை. அதுவரை நான் பிடித்த மீன்களில் பெரியது என் முழங்கையைவிடச் சின்னது. பின்னல் நூலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முடிதிருத்தும் கடையில் பக்கத்து வீட்டு சபர்காலி சொல்லிக் கேட்டது. ஆனால் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவன் வாயைத் திறந்தால் அது அறிவுரையாகத்தான் வருகிறது.

நீங்களோ பொத்தான் தைக்கும் நூலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதவர். சந்தையில் ரிம்மா பாக் அம்மாளின் நூல் கடையில் அரை நாள் நின்றிருக்கிறீர்கள். எட்டு இழைப் பின்னல் வழவழப்பாக இருக்கும், தூரமாகப் போய் விழும், ஆனால் ஆற்றடியில் மரவேரும் சிப்பியும் கிடக்கிற இடத்தில் சொரசொரப்பான நாலு இழைதான் பிழைக்கும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே என்றும் சொல்லியிருக்கிறார். மெல்லிசாக எடுத்தால் கையை அறுக்கும் என்பதால் அரை மில்லிமீட்டர். கடைசியில் கடை உத்தரத்தில் கட்டி இரண்டு அரிசி மூட்டைகளைத் தொங்கவிட்டு, ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கிறவரை பார்த்துவிட்டுத்தான் வாங்கினீர்கள். இதையெல்லாம் வந்த அன்று நீங்கள் விவரமாகச் சொல்ல, நான் பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். நாலு இழைக்கும் எட்டு இழைக்கும் வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இனி ஆறு. உங்களுக்கு நீச்சல் தெரியாது என்பதால் கரையில் நின்றீர்கள். எனக்குத் தெரியும் என்பதால் ரப்பர் படகில் நான். தவளையைக் கோத்துப் போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தூண்டில் தண்டு வில்லாக வளைந்தது, படகு தானாகவே கிளம்பியது. துடுப்பைத் தொடவே இல்லை சம்பந்தி, பேருந்தில் போகிற மாதிரி போய்க்கொண்டிருக்கிறேன். கரையில் நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நாணலுக்குள் விழுந்து எழுந்து ஓடி வருகிறீர்கள். "விடாதீங்க சம்பந்தி! நூல் தாங்கும்! நூலுக்கு நான் பொறுப்பு!" என்று கத்துகிறீர்கள். நூல் தாங்கியது, அதுதான் கஷ்டமே. தங்கூசியாக இருந்திருந்தால் அறுந்து, நானும் மரியாதையோடு கரை சேர்ந்திருப்பேன். இது சத்தியமாக அறுந்துபோகிற ஜாதி இல்லை. மீனும் விடவில்லை. பிறகு அது தலையைத் தூக்கியது. நம் வட்ட மேசை அகலம். மீசை என் கைத்தடி நீளம். சின்னக் கண்ணால் என்னை ஒரு முறை பார்த்தது, கோபமாகக்கூட இல்லை, வகுப்புக்குத் தாமதமாக வந்தவனைப் பார்க்கிற மாதிரி. படகின் ஒரு ஓரம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. கயிறு இழுக்கும் போட்டியில் "விடாதே, விடாதே" என்று இந்த ஊரில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியவன் நான். என் கை என்னைக் கேட்காமலேயே இடுப்புக் கத்தியை எடுத்தது. நாணல் மறைத்ததால் உங்களுக்குத் தெரியவில்லை.

நான் வெட்டினேன் சம்பந்தி. உங்கள் நூல் அறுந்துபோகவில்லை.

கரைக்கு வந்ததும் "அறுந்துடுச்சா?" என்று கேட்டீர்கள். "அறுந்துடுச்சு" என்றேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீங்கள் நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டே, "என் தப்பு. இன்னும் தடிமனா எடுத்திருக்கணும். உங்க உயிருக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றீர்கள்.

அன்று மத்தியானம் உங்களுக்காக அறுத்த ஆட்டின் தலையை மரியாதையாக உங்கள் முன்னால் வைத்தோம். ஊரே உட்கார்ந்திருந்தது. சபர்காலி ஆரம்பித்தான். "ஐயா தையல்காரரே, கெளுத்திக்கு என்ன பொத்தானா தைக்கப் போனீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த தடவை வரும்போது ஜிப்பு வெச்சு எடுத்துட்டு வாங்க" என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன் என்று குல்பாஷ் பிறகு சொன்னாள். நீங்கள் ஆட்டுத் தலையிலிருந்து ஒரு காதை அறுத்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் தட்டை என் பக்கம் தள்ளினீர்கள். நான் சாப்பிட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து அக்போத்தா போன் செய்தாள். "அப்பா, மாமா ரிம்மா அம்மாவோட சண்டை போட்டுட்டு வந்துட்டார்" என்றாள். மிச்ச நூலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறீர்கள். அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு நுனியைப் பார்த்துவிட்டு, "அறுந்த பின்னல் துடைப்பம் மாதிரி பிரிஞ்சிருக்கும். இது வெங்காயத்தாள் நறுக்குன மாதிரி இருக்கு. அறுந்ததில்ல, வெட்டினது" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு நீங்கள் சந்தையே கேட்கும்படி, "என் சம்பந்தி விளையாட்டு வாத்தியார்! பொய் சொல்ற மனுஷன் இல்ல! உன் நூல்தான் மட்டம்!" என்று கத்திவிட்டு வந்தீர்களாம். இருபது வருடப் பழக்கமாம் அந்தக் கடையோடு. இதையெல்லாம் அக்போத்தா ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, "அப்பா, நிஜமா அறுந்துதா?" என்றாள். "ஹலோ, ஹலோ, லைன் சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் வெட்டிய இரண்டாவது லைன் அது.

பெற்ற மகளிடம் பொய் சொன்னது ஒரு பக்கம். அதைவிட, நேற்று உங்கள் சீட்டை நாலாவது முறை படிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாற்பது வருடமாக நூலோடு வாழ்கிறவருக்கு வெட்டின நுனிக்கும் அறுந்த நுனிக்கும் வித்தியாசம் சொல்ல ரிம்மா அம்மாள் எதற்கு? ஆற்றங்கரையில் ரீலை என் கையிலிருந்து வாங்கினீர்களே, அப்போதே நுனியை விரலால் தடவிப் பார்த்தீர்கள். இப்போது ஞாபகம் வருகிறது. தெரிந்துகொண்டேதான் ஊர் சிரிக்க உட்கார்ந்திருந்தீர்களா? தெரிந்துகொண்டேதான் சண்டை போட்டீர்களா? அந்த மூன்று வரி மன்னிப்பா ஊசியா என்று கேட்டால் குல்பாஷ் பால் கறக்கப் போய்விட்டாள். ஊசி என்றால், நன்றாகவே குத்திவிட்டது. மன்னிப்பு என்றால் இன்னும் ஆழமாகக் குத்திவிட்டது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். அங்கியை இப்போதைக்குப் போட மாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊரார் முன்னால், சபர்காலியை முதல் வரிசையில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். இன்றிலிருந்தே யார் கேட்டாலும் உண்மைதான். ரிம்மா பாக் அம்மாளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், அடுத்த முறை வரும்போது நேரிலும் கேட்பேன். அக்போத்தாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவள் குரலைக் கேட்டால் மறுபடி லைன் சரியில்லாமல் போய்விடும்.

உங்கள் ஊசி என்றும் துருப்பிடிக்காமல், உங்கள் கண் மங்காமல், வீட்டு அடுப்பு அணையாமல், நம் இரு குடும்பத்து உறவும் பிரிபடாமல் இருக்க இறைவன் அருளட்டும். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள். பூனைக்கும்.

வெட்கத்தோடு,
தங்கள் சம்பந்தி தோசிம்கான்

பின்குறிப்பு: இதை மட்டும் தபால் நிலையத்தில் நின்று, தபால்காரம்மா ஸாவுரேயின் பேனாவை வாங்கி எழுதுகிறேன். உறையில் உங்கள் பெயரைப் பார்த்ததும் அவள், "அட, அந்தத் தையல்காரருக்கா? என்னதான் ஆச்சு வாத்தியாரே அன்னைக்கு?" என்றாள். வரிசையில் எட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "நூல் அறுந்துடுச்சும்மா" என்று வந்தது. அதோடு நின்றிருக்கலாம். மீனும் இரண்டு முழம் நீண்டுவிட்டது. எனவே இங்கிருந்து யார் வழியாக எது வந்தாலும் நம்ப வேண்டாம், கடிதத்தில் இருப்பதே உண்மை. சீக்கிரம் ஒட்டுங்கள் என்று ஸாவுரே கையை நீட்டுகிறாள். எட்டுப் பேரும் உங்கள் நூலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.